உம் கொட்ட ஒரு பிள்ளை

நூலகர் வேலையில் ஒரு சௌகரியம், எந்தச் சிக்கலுக்கும் அலமாரியில் ஒரு புத்தகம் இருக்கும். ஒரு சங்கடம், அதை நாமே நம்பிவிடுவோம். கொல்லிமலையில் ஒரு சின்ன நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மனைவி ஸ்டெல்லா இங்கேயே சுகாதார நிலையத்தில் நர்ஸ். இருவருக்கும் சொந்த ஊர் கீழே, ராசிபுரம் பக்கம். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிள்ளை தத்தெடுக்க மனுப் போட்டோம். மனுப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களுக்குக் கை சும்மா இருக்காது. நான் பிள்ளை வளர்ப்புப் புத்தகங்களைக் கையில் எடுத்தேன். உங்களில் யாராவது அப்படி எடுத்திருந்தால், என் பாடு சொல்லாமலே விளங்கும்.

மடியில் பலாப்பழம்

முதல் புத்தகம், பிள்ளை வருவதற்கு முன்பே அதன் கனத்துக்கு உடம்பைப் பழக்கச் சொன்னது. தலையணையை வைத்துப் பழகலாம் என்று போட்டிருந்தது. தலையணைக்கு என்ன கனம் இருக்கும்? சேந்தமங்கலத்தில் கொழுந்தியாள் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. நல்ல பலாப்பழமாக ஒன்று வாங்கி, துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவு வரும்போதெல்லாம் அது முன்சீட்டில் இடிக்காமல் கையை அணை கொடுத்தேன். பாதி மலை இறங்கியபோது அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் கை நிற்கவில்லை.

கண்டக்டர் வெகு நேரம் என்னையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குனிந்து கேட்டார். "கொழந்தைன்னா டிக்கெட் இல்லீங்க சார், பழம்னா லக்கேஜ் போடோணும். எதுன்னு நீங்களே சொல்லீருங்க."

காலி ஜமுக்காளம்

இரண்டாவது புத்தகம் ஒரு படி மேலே போனது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளை புதுக் குரலுக்கு மிரளும். ஆகவே இப்போதே தினமும் ஒரே நேரத்தில் கதையை வாய்விட்டுப் படித்துக் குரலைப் பதமாக்கிக்கொள்ளுங்கள் என்றது. சாயங்காலத்தில் நூலகத்துக்கு அதிகம் ஆள் வராது. பிள்ளைகள் மூலையில் ஜமுக்காளத்தை விரித்து, எதிரே நாற்காலி போட்டு, குளம் தேடிப் புறப்பட்ட ஓர் ஆமையின் கதையைப் படிக்க ஆரம்பித்தேன்.

இதே மலையில் ஆலத்தூர் நாட்டு மிளகு விவசாயி சின்னச்சாமி தினமும் பேப்பர் பார்க்க வருவார். என் வயதுதான், வம்புக்கு அலைகிற ஆள். கேலி செய்யப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றார். அவர்கள் பக்கம் கதை சொன்னால், கேட்பவர் ஒவ்வொரு வரிக்கும் உம் கொட்ட வேண்டுமாம். உம் நின்றுவிட்டால் கதையும் அங்கேயே நிற்குமாம். ஆளில்லாமல் கதை ஆரம்பிப்பதே கிடையாதாம். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. "உம் கொட்ட ஆளில்லாம கதை சொல்லாதீங்க சார். ஆளில்லீனா, கேக்கோணும்னு இருக்கறது எதாச்சும் வந்து உக்காந்துக்கும்."

பனி உள்ளே வந்த நாள்

அன்றைக்கு மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளேயே வந்துவிட்டது. சின்னச்சாமி வரவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு படித்தேன். ஆமை வழியில் ஒரு நத்தையைச் சந்தித்தது. 'உம்' என்று ஒரு சத்தம் கேட்டது. மெல்லிய குரல், ஜமுக்காளத்தின் நடுவிலிருந்து. நிமிர்ந்து பார்த்தேன், யாருமில்லை. மேஜைக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் தேடினேன். கதவைப் பூட்டிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். ஓடாமல் அடுத்த வரியைப் படித்தேன். அதற்கும் உம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், பயத்தைவிடச் சந்தோஷம்தான் கூடுதலாக இருந்தது. இத்தனை வருஷத்தில் என் குரலைக் கேட்க ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது.

வீட்டில் நான் மூச்சுவிடவில்லை. ஒரு நாள் டூட்டி முடித்துக் குடையோடு வந்த ஸ்டெல்லா, வாசற்படியிலேயே நின்று கேட்டிருக்கிறாள். "நல்லாத்தான் படிக்கறீங்க. உம் கொட்டறது யாரூட்டுப் புள்ளைங்க? மழை வருது, பொழுதோட அனுப்பி உடுங்க."

விசாரிக்க வந்த அம்மாள்

தத்து கொடுக்கும் அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் எங்களைப் பற்றி விசாரிக்க வந்தார். அவர் சரி என்றால்தான் எங்களுக்குப் பிள்ளை. வீட்டைப் பார்த்தார், சமையலறையைப் பார்த்தார், ஸ்டெல்லாவோடு தனியாகப் பேசினார். நூலகத்தையும் எட்டிப் பார்க்கிறேன் என்றார், எப்போது என்று சொல்லவில்லை. அவர் ஜீப் வந்து நின்ற சத்தம் என் காதில் விழவில்லை. ஆமை அப்போது ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது.

உள்ளே வந்தவர் ஜமுக்காளத்தைப் பார்த்தார். நான் தேடியது போலவே மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். "குழந்தை இல்லைன்னு மனுவுல எழுதியிருக்கீங்க. இப்ப உம் கொட்டினது யார் சார்?"

இடம் விட்ட கனகா

பழக்கிய மைனா என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நம்பினாரோ, நம்பினால் தேவலை என்று நினைத்தாரோ, சரி என்று எழுதிவிட்டார். அன்றோடு கதையை நிறுத்திப் புத்தகத்தை அலமாரியின் மேல் தட்டில், யார் கண்ணிலும் படாமல் படுக்க வைத்தேன். கொஞ்ச காலம் கழித்துக் கனகா வந்தாள். நாலு வயது. நன்றாகப் பேசுவாள் என்று அவள் இருந்த இல்லத்தில் சொன்னார்கள். எங்களிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வற்புறுத்தக் கூடாது என்றன எல்லாப் புத்தகங்களும். வாரங்கள் போயின. பிள்ளை ஒட்டவில்லையென்றால் திரும்ப அழைத்துக்கொள்வதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று அலுவலக அம்மாள் போனில் சொன்னார். ஸ்டெல்லா குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. இவளுக்கென்று விரித்த இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டேனோ என்று.

ஒரு சாயங்காலம் அவளை நூலகத்துக்கு அழைத்துப் போனேன். ஜமுக்காளத்தின் நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு பிஸ்கட்டைத் தின்றாள், இன்னொன்றைத் தனக்குப் பக்கத்தில் வைத்தாள். சின்னச்சாமி பேப்பரைத் தாழ்த்தி, குரலையும் தாழ்த்தினார். "பாத்தீங்களா சார், புள்ள எடம் உட்டு உக்காந்திருக்குது."

ஆமை குளத்துக்குப் போய்ச் சேர்ந்தது

மறுநாள் கனகா அலமாரி முன்னால் நின்று மேல் தட்டைக் கைகாட்டினாள். அங்கே ஒரு கதைப் புத்தகம் இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? எடுத்து, விட்ட இடத்திலிருந்து படித்தேன். ஒரு வரி முடிந்தது. எந்தச் சத்தமும் இல்லை. கனகா தன் பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்தாள். யாரோ சொல்வதைக் கேட்டுக்கொள்வது போலத் தலையை ஆட்டினாள். பிறகு நகர்ந்து போய் ஜமுக்காளத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, 'உம்' என்றாள்.

அவள் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். கண் கலங்கி அடுத்த வரி தெரியவில்லை. அவளுக்குப் பொறுக்கவில்லை, என் முழங்காலைத் தட்டினாள். "அந்த அக்கா ஊட்டுக்குப் போயிருச்சுங்கப்பா. இனி நான் கொட்டறேன், நீங்க படிங்க."

இத்தனை புத்தகம் படித்தும், எனக்கு அப்பா வேலையைப் பழக்கிவிட்டுப் போன பிள்ளைக்கு என்ன செய்வது என்று ஒன்றிலும் போடவில்லை என்பதால், ஜமுக்காளத்தின் ஓரத்தில் தினமும் ஒரு பிஸ்கட் வைக்கிறேன், அதைக் கனகாதான் தின்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.