சித்தப்பாவுக்கு ஒரு தலைப்பு

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது சித்தப்பாவால்தான். அப்பா புனேக்குப் பக்கத்தில் கசார்வாடியில் ஒரு பட்டறையில் ஃபோர்மேன். பட்டறைக்குப் பின்னாலேயே இரண்டு அறை வீடு. தொண்ணூறுகளின் கடைசியில், புனேயில் சாஃப்ட்வேர் வேலை கிடைத்து அப்பாவின் தம்பி கோயம்புத்தூரிலிருந்து வந்து எங்களோடு தங்கினார். கொஞ்ச நாளில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தவணையில் வாங்கி டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். அன்றிலிருந்து டிவியை யார் மதித்தார்கள்?

மாதக் கடைசியானால் எங்கள் வீட்டில் ஒரு சண்டை உண்டு. சம்பளம் எங்கே போகிறது என்று அப்பா கேட்பார். நானா தின்கிறேன் என்று அம்மா கேட்பாள். இதைக் காதில் வாங்க முடியாமல் சித்தப்பா ஒருநாள் வீட்டுக் கணக்கு எழுதும் சாஃப்ட்வேர் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். செலவுகளை எழுதிக்கொண்டே வந்தால் மாதக் கடைசியில் அதுவே வண்ணப் படம் போட்டுக் காட்டிவிடும், அப்புறம் சண்டைக்கே வேலையில்லை என்றார். அவர் அப்போது கல்யாணமாகாதவர்.

எனக்கு எட்டு வயது, இங்கிலீஷ் மீடியம். அதனால் டைப் அடிக்கும் உத்தியோகம் எனக்கு. சாயங்காலம் அம்மா கொத்தமல்லி ஆய்ந்தபடியே சொல்லுவாள், நான் அடிப்பேன். அந்த சாஃப்ட்வேருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஒவ்வொரு செலவையும் ஏதாவது ஒரு தலைப்பில் சேர்க்காவிட்டால் டிங் என்று கத்தும், அடுத்த வரிக்கு விடாது. அது வைத்திருந்த தலைப்புகளோ நாய் வளர்ப்பு, தோட்டம், படகு. எங்களிடம் நாயுமில்லை, தோட்டமுமில்லை. படகு வாங்கினாலும் கடக்வாஸ்லா அணைக்குக் கொண்டுபோய்த்தான் விடவேண்டும். பழநி உண்டியலுக்கு முடிந்து வைத்த காசு எதில் சேரும்? ஊரில் ஒரு கல்யாணத்துக்கு அனுப்பிய மொய்? டிங், டிங் என்று கத்தி அம்மாவின் உயிரை வாங்கியது. வியாழக்கிழமைதோறும் கரண்ட் வேறு போகும். அடித்ததெல்லாம் போய்விடும். காலையில் வாங்கிய காய்கறியின் விலையை மறுபடி ஒப்பிக்கும்போது அம்மாவின் குரலே மாறிவிடும்.

என் பாடு பரிதாபம் என்று பார்த்து, புதுத் தலைப்பு உண்டாக்குவது எப்படி என்று சித்தப்பா சொல்லிக் கொடுத்தார். அவருக்காக அம்மா தினமும் அரை லிட்டர் பால் கூடுதலாக வாங்குவாள். முட்டை, பாவ் ரொட்டி எல்லாம் அவருக்கென்றே வரும். இதை எதில் போடுவது என்று யோசித்துவிட்டு, 'சித்தப்பா' என்றே ஒரு தலைப்பு உண்டாக்கினேன். இருப்பதிலேயே நல்ல நிறமான ஆரஞ்சைக் கொடுத்தேன். அப்பாவுக்குத் தலைப்பு இல்லை, எனக்கும் இல்லை. அவருக்கு மட்டும் அந்த மரியாதை. அன்பு மிகுந்துபோய், கிராணா கடை அரிசியையும் டெலிபோன் பில்லையும் கேஸ் சிலிண்டரையும்கூட அதிலேயே சேர்த்தேன்.

மாதக் கடைசியில் எல்லோரையும் உட்காரவைத்து, சித்தப்பாதான் படத்தை வரவழைத்தார். வட்டத்தில் முக்கால்வாசி ஆரஞ்சு. அதுதான் சித்தப்பா என்று நான் பெருமையாக விரலால் தொட்டுக் காட்டினேன்.

குழந்தை என்னவோ தப்பாக அடித்துவிட்டது என்று அம்மா சொன்னாள். அந்தச் சனியனை அணைத்துவிட்டு கிரிக்கெட் போடு என்றார் அப்பா. சித்தப்பா மட்டும் என் தலையைத் தடவி, "கலரு நல்லாருக்குது கண்ணு" என்றார்.

முதல் சம்பளத்தைக் கவரோடு அவர் அண்ணன் முன்னால் வைத்ததும், தம்பியிடம் சோற்றுக்குக் காசு வாங்குவதா என்று அப்பா தள்ளிவிட்டதும் நான் வளர்ந்த பிறகு கேள்விப்பட்டவை. வாங்க மாட்டேன் என்ற வீட்டுக்கு அவர் பொருளாகக் கொண்டுவந்து கொட்டினார். மிக்ஸி, எனக்கு ஷூ, வாராவாரம் பழம். அவை எங்கள் செலவில்லை என்பதால் அம்மா சொன்னதில்லை, நானும் அடித்ததில்லை. பாவம், அந்தப் படத்தில் அவர் தின்றது மட்டும்தான் இருந்தது.

அடுத்த வாரமே, சாங்வியில் நண்பர்களோடு ரூம் பார்த்திருப்பதாகச் சொன்னார். சாப்பாட்டில் ஏதாவது குறையா என்று அம்மா கேட்டுக் கேட்டு மாய்ந்துபோனாள். அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டார்:

"இங்க எடமில்லைன்னு யாராச்சும் சொன்னாங்களாடா?"

"அய்யோ, அப்படியெல்லாம் இல்லீங்ண்ணா. ஆபீஸ் பஸ்ஸு அங்கிருந்து கெளம்புது, அதானுங்க."

அப்பா பேப்பரின் பக்கத்தைத் திருப்பவேயில்லை. பாப்பா படிக்கட்டும் என்று கம்ப்யூட்டரை எனக்கே விட்டுவிட்டு, ஒரு பெட்டியோடு சித்தப்பா போனார்.

வீடு நன்றாகவே இல்லை. அம்மா பழக்கத்தில் பால் கூடுதலாக வாங்கிவிட்டு, அது மிஞ்சுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். என் மரமண்டைக்கும் ஒன்று மட்டும் எட்டியது. அந்த ஆரஞ்சைப் பார்த்த பிறகுதான் எல்லாமே மாறிப்போனது. அந்தத் தலைப்பை அழித்துவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். அதற்கும் டிங். இதிலுள்ள செலவுகளை வேறு எந்தத் தலைப்புக்கு மாற்றுவது என்று சொன்னால்தான் அழிப்பேன் என்றது.

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம், "சித்தப்பாவ எதுலம்மா போடறது?" என்று கேட்டேன்.

அம்மா திரையைப் பார்த்தாள். கையிலிருந்த சட்டையை மறுபடி உதறி மடித்தாள்.

"வீட்டுச் செலவுலயே போடு" என்றாள்.

போட்டேன். இந்தத் தடவை கத்தாமல் வாங்கிக்கொண்டது. படத்தை வரவழைத்துப் பார்த்தால் ஆரஞ்சு பொட்டளவும் இல்லை, வட்டமே வீட்டுச் செலவின் பச்சையாகிவிட்டிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். சரி பண்ணிவிட்டேன், இனிமேல் சித்தப்பா வந்துவிடலாம்தானே என்று கேட்டேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. அவர் வந்ததும் காட்டவேண்டும் என்று, அந்தப் படத்தைத் திரையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.