தண்ணீர் ஊற்றி அணைப்பார்

செல்போன் எல்லோர் கைக்கும் வந்துகொண்டிருந்த வருஷங்களில் திருத்தங்கல் அச்சகம் ஒன்றில் பிழை திருத்துபவனாக இருந்தேன். தமிழ் எம்.ஏ. திமிரில், யாரும் கேட்காத திருத்தமெல்லாம் செய்து ஏற்கெனவே இரண்டு அச்சகங்களில் வேலையை இழந்தவன். வீட்டில் மனைவிக்கு ஏழு மாதம். இங்கே முதலாளி சேர்க்கும்போதே சொல்லிவிட்டார்: "எழுதுனவுக பாத்துக் கையெழுத்துப் போட்ட புரூஃப்ல கை வச்சீகன்னா, அன்னைக்கே கெளம்பிரணும்."

பட்டாசு லேபிள்களுக்கு நடுவே ஒரு கிறிஸ்தவத் தியானப் புத்தகம் மறுபதிப்புக்கு வந்தது. நாளுக்கு ஒரு பக்கம். எழுதியவர் ஓய்வுபெற்ற போதகர். விருதுநகர்ப் பக்கம் பல வீடுகளில் அதைப் படிக்காமல் காலைக் காபி இறங்காது என்பார்கள்.

நான் படித்தது துப்புத் துலக்க. இந்த உவமை சைவப் பாட்டிலிருந்து, இந்தத் தாளம் சித்தர்களிடமிருந்து என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே போனேன். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம். கையெழுத்து வாங்கப் போனபோது போதகர் அந்தக் குறிப்புகளைப் பார்த்துச் சிரித்தார்.

"அதுகளப் பாடித்தான தம்பி எங்கம்மா என்னய வளத்தாக. இன்னும் ரெண்டு மூணு விட்டுட்டீகளே?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் மறுபடி துருவினேன். 'புகைகிற திரியை அவர் அணைக்க மாட்டார்' என்று ஒரு வரி. எங்கிருந்து வந்தது என்று பிடிபடவில்லை. எனக்கே தெரியாவிட்டால் பிழையாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன். அரைகுறையாய்ப் புகைகிற திரியை விட்டுவைத்தால் என்னாகும் என்று எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும். எத்தனை பட்டாசுப் பெட்டிகளுக்கு நானே அந்த எச்சரிக்கையைத் திருத்தியிருக்கிறேன்! கடவுள் அவ்வளவு அலட்சியமாக இருக்க மாட்டார் என்று, கையெழுத்தான புரூஃபிலேயே 'அவர் தண்ணீர் ஊற்றி அணைப்பார்' என்று மாற்றினேன்.

புத்தகம் தயாரான அன்று போதகர் வந்து புரட்டினார். அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"இது வேத வசனமாச்சே தம்பி. அணையப் போற வெளக்குத் திரியச் சொன்னது" என்றார்.

போதகர் ஒருவர் பைபிளிலிருந்தும் எடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முதலாளி என்னைப் பார்த்தார். "பையை எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க."

மனைவியிடம் மூன்றாவது தடவையாக என்ன சொல்வது என்று பயமாக இருந்தது.

போதகர்தான் பேசினார். "அந்த வரிய எழுதிட்டு, நானே இவுகள ஊதி அணைச்சா நல்லாவாய்யா இருக்கும்? சரியான வரிய அடிச்சு மேல ஒட்டச் சொல்லுங்க, போதும்."

துண்டுத் தாள்களில் அந்த வரியை அச்சடித்து, ஒவ்வொரு பிரதியிலும் என் கையாலேயே ஒட்டினேன். வெட்கமும் நிம்மதியும் சேர்ந்து வந்து, கொஞ்ச நேரத்தில் எழுத்தே தெரியாமல் கண் மறைத்தது. புத்தகம் தைக்கிற அக்கா என்னவென்று கேட்டார்.

"பசை கண்ணுல பட்டுருச்சுக்கா."

அவர் ஊசியிலிருந்து தலை நிமிரவில்லை.

"அந்தப் பக்கம் படிக்கிற அன்னைக்கு எனக்கும் பட்டுரும்" என்றார்.