கால்சா முற்றத்தில் ‘ஹலோ, மைக் ரெஸ்ட்’

சவுண்ட் மிக்சருக்கு முன்னால் உட்காரப் போகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும்.

தொண்ணூறுகளில் ஒரு கோடைகாலம். நகரத்தின் கால்சாப் பகுதியில் ஒரு பழைய மாளிகையின் முற்றத்தில் கச்சேரி நடத்தும் இத்தாலியச் சின்யோரா அம்மா ஒருவர் என்னைச் சவுண்ட் வேலைக்குப் பரீட்சார்த்தமாக எடுத்திருந்தார். அன்று மாலை ஒழுங்காக நடந்தால் கொன்ட்ராட்டோ, அதாவது வேலை ஒப்பந்தம், எழுதித் தருவார். அது கையில் வராவிட்டால் பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க முடியாது. இந்த நாட்டில் இருக்கவே ஏலாது. மனைவி காலையிலேயே நேர்ந்துகொண்டு மெழுகுதிரி கொளுத்திவிட்டாள்.

வந்தது துருக்கி பாண்ட். கரண்டில் வாசிக்கிற சாஸ் என்ற நீளக் கழுத்து நரம்பு வாத்தியம், கிளாரினெட், ஓர்கன், டிரம்ஸ், ஒரு பாடகர். என்னென்ன பாட்டு, எந்த ஒழுங்கு என்று பாடகரிடம் கேட்டேன். தங்களுக்கும் தெரியாது, மேடையில் ஏறினால்தான் தெரியும் என்றார். நல்ல ஆக்களிடம் மாட்டுப்பட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வெயில் தணிய முன்னமே தொடங்கினார்கள். சாஸ் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. கிளாரினெட் அதன்மேல் ஏறியது. ஓர்கன் சத்தத்தில் எனக்கே தலை சுற்றியது, ஆனால் சும்மா சொல்லக்கூடாது, சுகமான சுற்றல்.

திடீரென்று எல்லா வாத்தியமும் நின்றது. பாடகர் மட்டும் மைக்கில் வாயை அசைக்கிறார். ஒரு சத்தமும் இல்லை. சத்தம் கூட்டுகிற ஃபேடரை மேலே தள்ளினேன். அப்போதும் இல்லை. சின்யோரா திரும்பி என்னைப் பார்த்தார்.

மன்னாரில் மாதா கோயில் திருநாளில் பூசை வைக்கிற சுவாமியாரின் மைக் நின்றால், ஒலிபெருக்கிக்காரன் ஓடிப்போய்த் தட்ட வேண்டும். எனக்குப் பழகிய வேலை அது. கால் தானாக ஓடியது. மேடையில் ஏறி மைக்கை மூன்று தட்டுத் தட்டி, “ஹலோ, மைக் ரெஸ்ட்” என்று சோதித்துப் பார்த்தேன்.

நான் தள்ளிவிட்ட ஃபேடரில் அது இடி மாதிரி விழுந்தது. மைக் உயிரோடுதான் இருந்திருக்கிறது. மனுசன் வேண்டுமென்றே சத்தமில்லாமல் பாடியிருக்கிறார்!

டிரம்ஸ்காரர் அந்த மூன்று தட்டையும் அப்படியே திருப்பி அடித்தார். கிளாரினெட் பதில் சொன்னது. பாடகர் சிரித்தபடி “ஹலோ, ஹலோ” என்று இழுத்து இழுத்துப் பாட, சனம் எழும்பிக் கைதட்டியது. நான் மிக்சருக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன்.

முடிந்ததும் சின்யோரா வந்தார். மொண்டெல்லோ கடற்கரைச் சாப்பாட்டுக் கடையில் பழையபடி கோப்பை கழுவத்தான் போகிறேன் என்று முடிவே கட்டிவிட்டேன்.

“அந்த இடத்திலை தட்டச் சொல்லி அவை முதலே உன்னோடை கதைச்சவையோ?”

“இல்லை சின்யோரா. மைக் செத்துப்போச்செண்டு நினைச்சன்.”

அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “நாளைக்கு உன்ரை பேப்பர் எல்லாத்தையும் கொண்டு வா. கொன்ட்ராட்டோ எழுதுவம்.”

வாசற்படியில் அப்படியே இருந்துவிட்டேன். அப்பாடா என்று மூச்சு வந்தது.

ஆகவே பிள்ளைகளே, சத்தம் நின்றால் முதலில் மிக்சரில் சத்த அளவு காட்டுகிற மீற்றரைப் பாருங்கள்; சனத்தின் இரைச்சலுக்கு அது அசைந்தால் மைக் உயிரோடுதான். அதற்குப் பிறகு ஓடலாம்.

வீட்டுக் கதவைத் திறந்த மனைவி, என் முகத்தைப் பார்த்துப் பயந்து பயந்துதான் கேட்டாள்: “வேலை கிடைச்சிட்டுதோ?”

“ஓம். அவையோடை சேர்ந்து நானும் பாடினனான்,” என்றேன்.