பட்டியலில் ஜோஸியின் பெயர்

கோணல் பற்களுக்குக் கம்பி கட்டும் மருத்துவர் நார்பர்ட். சின்சினாட்டியில் பாதிப் பிள்ளைகள் அவர் கட்டிய கம்பியோடுதான் சிரித்தார்கள். வருமானத்துக்குக் குறைவில்லை, ஆனாலும் பிளாஸ்டிக் பையைக் கழுவிக் காயப்போடுகிற கை. வரிக் கணக்கை வேறொருவரிடம் கொடுக்க மனசு வராது. பிப்ரவரியில் ஃபுட்பால் இறுதிப் போட்டி அன்று, அடுப்பில் சில்லி என்கிற பீன்ஸ்-இறைச்சிக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்க, ஆட்டம் தொடங்குமுன் தானே உட்கார்ந்து முடித்துவிடுவார். 'உங்களைச் சார்ந்திருப்பவர்' என்ற இடத்தில் இருபது வருடமாக மகள் ஜோஸியின் பெயர். அதை எழுதும்போது மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

மார்ச் விடுமுறைக்கு வந்த ஜோஸி, அழுக்குத் துணிமூட்டையை இறக்கிய கையோடு சொன்னாள்: "அப்பா, இந்த வருஷம் கணக்குல என் பேரைப் போட்டுடாதீங்க."

"போட்டு அனுப்பி ஒரு மாசம் ஆச்சு. ஏன், என் பொண்ணுன்னு சொல்லிக்க வெக்கமா இருக்கா?"

"காலேஜ் ஃபீஸுக்கு வரிச் சலுகை இருக்கில்ல? நீங்க சம்பாதிக்கிறதுக்கு உங்களுக்கு அது கிடையாது. உங்க கணக்குலேர்ந்து என்னை எடுத்துட்டா நான் வாங்கிக்கலாம். ஆறு மாசம் பம்ப் கம்பெனியில வேலை பார்த்தேனே, அதுக்கு வர்ற வரி ஆயிரத்து எழுநூறு டாலர். அது மொத்தமும் கழிஞ்சிடும், நான் கட்டவே வேண்டாம்."

"எனக்கு?"

"என் பேருக்குக் கிடைச்ச ஐநூறை நீங்க திருப்பிக் கட்டணும்."

"ஆக, ஐநூறு டாலர் குடுத்து உன்னைக் கைகழுவணும்."

"பையையே கழுவுறீங்க. இது என்ன பெரிய வேலை?"

நார்பர்ட் ஒரு பழைய உறையின் பின்பக்கம் கணக்குப் போட்டார். மூன்று தடவை. எங்காவது தப்பு வராதா என்று பார்த்தார்; வரவில்லை. மூன்று தடவையும் குடும்பத்துக்கு ஆயிரத்து இருநூறு லாபம்தான். இத்தனை வருடத்தில் ஒரு லாபக் கணக்கு அவருக்குக் கசந்தது அன்றைக்குத்தான்.

"அந்த இடத்துல நம்ம வால்டோவைப் போட்டா?" காலடியில் படுத்திருந்த நாயைக் காட்டினார். "இவன் முழுசா என்னைத்தான் நம்பியிருக்கான்."

"அவனுக்கு சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இல்லையேப்பா."

வேறு வழியில்லாமல் திருத்தப் படிவத்தைத் திறந்தார். ஜோஸியின் பெயரை அழித்தார். கணினி விடவில்லை, 'யாரையாவது விட்டுவிட்டீர்களா?' என்று கேட்டது. மவுஸ் மேல் வைத்த கை அசையவில்லை. சில்லிக் கிண்ணத்தோடு பின்னால் நின்ற ஜோஸி எட்டி, 'இல்லை' என்பதை அழுத்தினாள்.

"கொஞ்சம் யோசிக்கவாவது விட்டிருக்கலாம்," என்றார்.

"விட்டா கணக்கு குடுக்கிற கடைசி நாள், ஏப்ரல் பதினஞ்சு, தாண்டிடும்."

"சரி. இனிமே உன் போன் பில்லை யார் கட்டுறது?"

"நீங்கதான்," என்றாள் ஜோஸி, வாயில் சில்லியோடு. "அதை எந்தப் படிவத்துலயும் கேக்கலையே."

நார்பர்ட் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.