பள்ளத்திலிருந்து வந்த என் குரல்

போன மார்கழியில் ஒரு வியாழக்கிழமை, பட்டப்பகலில், என் ஏழு வயது மகள் மூடுபனிக்குள் காணாமல் போனாள். செல்லாண்டியம்மன்தான் அவளைத் திருப்பிக் கொடுத்தாள். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். அம்மனை நம்புகிற உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நாங்கள் கொல்லிமலையில் வாழவந்தி நாடு என்கிற பகுதியில் இருக்கிறோம். நான் சேலத்தில் பதினோரு வருடம் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவள். பிள்ளைகள் மணிக்கும் மார்க்குக்கும் பயந்து வளரக் கூடாது என்று வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு மலைக்கு வந்தோம். மகன் கவினுக்குப் பதினான்கு வயது, சின்னவள் மதிக்கு ஏழு. இரண்டு பேருக்கும் வீட்டில்தான் படிப்பு. நான் பள்ளிக்கூடத்தை விட்டேனே தவிர, டீச்சர் புத்தி என்னை விடவில்லை. சுவரில் டைம்டேபிள் ஒட்டியிருப்பேன். பாடம் தொடங்கும்போதும் முடியும்போதும் பூஜை மணியை எடுத்து வந்து வாசலில் நின்று அடிப்பேன். "இந்தச் சத்தம் வேண்டான்னுதான சேலத்த உட்டுப்போட்டு வந்தோம்" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

எங்கள் பாடங்களில் ஒன்றுக்கு 'சும்மா இருக்கும் பாடம்' என்று பெயர். பிள்ளைகள் வெளியே ஆளுக்கொரு இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து, காதில் விழுவதையெல்லாம் நோட்டில் எழுத வேண்டும். கவின் வேண்டுமென்றே தங்கச்சியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேச வைப்பான். அதனால் ஒரு விதி போட்டேன். யார் கூப்பிட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது, மணி அடித்தால்தான் எழுந்து வர வேண்டும். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எனக்கு இது நினைவுக்கே வரவில்லை.

அந்த வாரம் தலைக்கு மேல் வேலை. திங்கட்கிழமை மிளகு பறிக்க ஆரம்பித்தோம். கவின் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத விண்ணப்பம் கொடுக்க வேண்டும். ஒரு சான்றிதழில் அவன் பிறந்த தேதி தப்பாக இருந்தது. அதற்காகச் செவ்வாயும் புதனும் போனிலேயே போனது. வியாழக்கிழமை விடிகாலை பஸ்ஸில் அப்பாவும் மகனும் நாமக்கல்லுக்குக் கிளம்பினார்கள். சனிக்கிழமை சேலத்திலிருந்து நான்கு குடும்பங்கள் எங்கள் வீட்டுப் படிப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் அசந்து போக வேண்டும் என்று எனக்கு ஆசை. சுவர் முழுக்கப் படம் ஒட்டினேன், மதியை நான்கு பாட்டு மனப்பாடம் செய்ய வைத்தேன். இத்தனைக்கும் நடுவில் நான்கு நாளாக அம்மனுக்கு விளக்கு ஏற்றவில்லை. அம்மன் எங்கே போய்விடப் போகிறாள், எல்லாம் முடியட்டும் என்று இருந்துவிட்டேன்.

இரண்டு மணிக்கு மதியைச் சும்மா இருக்கும் பாடத்துக்கு அனுப்பினேன். வழக்கமாகப் பலா மரத்தடியில்தான் உட்காருவாள். கொஞ்ச நேரத்தில் மூடுபனி இறங்கியது. காயப்போட்ட மிளகு ஈரமாகிவிடும் என்று ஓடி அள்ளினேன். கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினேன். சேலத்திலிருந்து போன் வந்தது. பேசினேன், பேசிக்கொண்டே இருந்தேன். மணி அடிக்கவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்தபோது மூன்றேகால்.

மரத்தடியில் அவள் இல்லை. செருப்பு மட்டும் ஜோடியாக இருந்தது. நீட்டிய கை எனக்கே தெரியாத அளவுக்குப் பனி. குருவிச் சத்தம்கூட இல்லை. பெயர் சொல்லிக் கத்தினேன். பதில் இல்லை. எங்கள் வீட்டுக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் நிலம் முடிந்துவிடும். அதற்கப்புறம் பள்ளம்தான், எட்டிப் பார்த்தால் மரங்களின் உச்சி தெரியும். அதை நினைத்து இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

பக்கத்துத் தோட்டத்தில் மிளகு பறித்துக்கொண்டிருந்த காளியம்மா அக்கா என் சத்தம் கேட்டு ஓடி வந்தார். இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். தன்னோடு இருந்த ஆட்களைத் திசைக்கு ஒருவராக அனுப்பினார். நான் நின்ற இடத்திலேயே நின்று கத்திக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் போயிருக்கும். அக்கா திடீரென்று என் கையைப் பிடித்தார்.

"கூப்புடாதீங்க டீச்சரம்மா. சித்த சும்மா நின்னு கேளுங்க."

வாயை மூடினேன். பள்ளத்துக்குள்ளிருந்து என் குரல் "மதீ" என்று கூப்பிட்டது.

"மஞ்சு எறங்குனா இப்பிடித்தானுங்க. இங்க கூப்புட்டா அங்கிருந்து கேக்கும். அம்மா அங்க நிக்குதுன்னு புள்ள பள்ளத்துப் பக்கமாத்தான் போவும்" என்றார்.

என் பிள்ளையை நானே பள்ளத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அதுவும் அரை மணி நேரமாக. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். கத்தவும் கூடாது, தேடிப் போகவும் திசை தெரியாது. ஒரு தாய்க்கு அதைவிடக் கொடுமை வேறு இல்லை.

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அம்மன் படத்துக்கு முன்னால் விழுந்தேன். நான்கு நாளாக அவளைத் திரும்பிப் பார்க்காத நான் எந்த முகத்தோடு கேட்பது? "தாயே" என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. வாய் எழாததால் கை மணியை எடுத்தது. பாடம், விதி எதுவும் என் நினைவில் இல்லை. அம்மன் என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கை மரத்துப்போகும் வரை அடித்தேன்.

கதவை யாரோ தட்டினார்கள். திறந்தேன். தலையெல்லாம் நனைந்து, நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மதி நின்றாள்.

"பாடம் முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டாள்.

அவளைக் கட்டிக்கொண்டு நான் அழுத அழுகையில் அக்காவும் அழுதுவிட்டார். மரத்தடியில் செவ்வெறும்பு கடித்ததால் பள்ளத்து ஓரப் பாறைக்குப் போய் உட்கார்ந்தாளாம். "நீங்க கீழ இருந்து கூப்புட்டீங்க. போலாம்னுதான் இருந்துச்சு. மணி அடிக்கலியே, அதான் போவல" என்றாள். அந்தப் பனியில் எப்படி வழி தெரிந்தது என்று கேட்டேன். "மணி எனக்கு முன்னால போச்சும்மா. நான் பின்னாலயே வந்தேன்."

பாறைப் பக்கம் தேடிய ஆட்கள் ஒருவர் காதிலும் மணிச் சத்தம் விழவில்லை. அவள் தங்களைக் கடந்து வந்ததையும் அவர்கள் பார்க்கவில்லை. ஊர் திரும்பியதும் என் வீட்டுக்காரர் சோதித்துப் பார்த்தார். வெயில் அடிக்கும்போது அந்தப் பாறையில் போய் நின்றுகொண்டார், நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே மணி அடித்தேன். ஒன்றும் கேட்கவில்லை என்றார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம் அவள் நோட்டைப் பார்த்தேன். காற்று, குருவி, தண்ணி என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, 'அம்மா கூப்பிடுறாங்க, கீழே.' மறுபடியும் அதுவே. கடைசி வரி, 'அம்மா சிரிக்கிறாங்க, கீழே.'

நான் கூப்பிட்டேன். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை.

காளியம்மா அக்காவிடம் காட்டினேன். படிக்கச் சொல்லிக் கேட்டவர் நோட்டை மூடி என் கையிலேயே கொடுத்தார். "இதப் பத்திப் புள்ளகிட்ட ஒன்னும் கேக்காதீங்க சாமி. அம்மங் காலடில வெச்சிருங்க" என்றார். அப்படியே செய்தேன்.

சனிக்கிழமை வந்தவர்களிடம் எதையும் காட்டிப் பெருமைப்படவில்லை. சோறு போட்டு, நடந்ததைச் சொன்னேன். இப்போது எங்கள் வீட்டில் விளக்கு ஏற்றிய பிறகுதான் எந்தப் பாடமும். சும்மா இருக்கும் பாடத்தில் மதியோடு நானும் உட்காருகிறேன். உங்களுக்கும் வாயில் வார்த்தை வராத நாள் ஒன்று வரலாம். கும்பிடத் தெரியவில்லையே, இத்தனை நாள் மறந்துவிட்டோமே என்று கூசி நிற்காதீர்கள். அம்மன் முன்னால் போய் நில்லுங்கள். மீதியை அவள் பார்த்துக்கொள்வாள்.

மதியிடம் ஒரு மாற்றம். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் இப்போதெல்லாம் குரல் கொடுப்பதில்லை. எங்கே இருந்தாலும் சத்தமில்லாமல் வந்து, கதவோரம் நின்று என் முகத்தைப் பார்க்கிறாள். "நீங்கதானான்னு பாத்தேன்" என்கிறாள். முதலில் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. இப்போது ஒவ்வொரு தடவையும் "நான்தான் கண்ணு" என்கிறேன். பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறாள். கூப்பிட்டால் வந்து நிற்க எனக்கு அவள் இருக்கிறாள். தாயே, எனக்கு அது போதும்.