மாமியின் வாடிக்கு எழுதிய வலைப்பூ

நண்டின் கொடுக்கைக் கட்டிக்கொண்டேதான் மாமி என் எழுத்தைக் கேட்பார். பெரியகல்லாற்றில் வாவிக்கரையோரம் தகரக் கூரை போட்ட கொட்டில்தான் அவருடைய வாடி. வாவியில் பிடிபடும் நண்டைத் தோணிக்காரரிடம் வாங்கி, உயிரோடு கட்டிப் பெட்டியில் அடுக்கிக் கொழும்பு ஹோட்டல்களுக்கு அனுப்புவார். நான் அவருடைய தம்பி மகள். கணினி படித்துவிட்டுச் சும்மா கிடந்தவளை வேலைக்குக் கூட்டிப்போனவர் அவர். வாடிக்கு ஒரு வலைப்பூ தொடங்குவோம், வாரம் ஒன்று எழுதினால் புதிய ஹோட்டல்கள் தேடி வரும் என்று ஆசைகாட்டியவள் நான்.

ஒவ்வொரு வெள்ளியும் எழுதியதை வாசித்துக் காட்டுவேன். மாமி தரையில் குந்தியிருந்து, கயிற்றைப் பல்லால் இழுத்து முடிந்தபடி கேட்பார். பிடிக்காத இடத்தில் கை நின்றுவிடும். நாம் இப்படிக் கதைப்பதில்லையே என்பார். எனக்கு எரிச்சலாக வரும், மாற்றுவேன். அவர் நிறுத்திய இடங்களெல்லாம் நான் புளுகிய இடங்கள் என்பது இப்போதுதான் உறைக்கிறது. முதல் சில மாதம் அந்த வலைப்பூவை நாய்கூடச் சீண்டவில்லை. பிறகு ஒன்றிரண்டு ஹோட்டல்காரர் விசாரித்தார்கள். நண்டு எங்கே பிடிபடுகிறது, யார் பிடிக்கிறார் என்று அறிய விரும்பினார்கள்.

எங்கள் பக்கத்தில் தோணி தள்ளுகிறவரிடம் எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். நண்டுக்குக் கூடு வைக்கும் இடத்தை அவரும் பெண்சாதிக்குக்கூடச் சொல்லமாட்டார். அப்படியிருந்தும் மாமிக்கு நண்டு கொடுத்த ஒரு தோணிக்காரர், மாமியின் பிள்ளைதானே என்று நம்பி என்னை ஏற்றிப்போனார். தண்ணீருக்குள் வேர் இறக்கிய கண்ணா மரங்கள் கவிந்த, வாவி வளைந்து உள்வாங்கும் ஒரு முடக்கு. குஞ்சு நண்டெல்லாம் ஒதுங்கி வளரும் இடம். பெருத்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அவர் தண்ணீரில் விட்டார். நான் படமெடுத்தேன். அங்கே எப்படிப் போவது என்பதையும் விலாவாரியாக எழுதினேன்.

அந்த வெள்ளி மாமியின் கை நின்றது.

“எல்லாம் செரிகா, அந்த இடத்த மட்டும் எழுதாத. அது அவர்ர சோறு.”

ஓம் என்று தலையாட்டினேன். பிறகு, இடமில்லாமல் இதில் என்ன இருக்கிறது என்ற கொழுப்பில், அப்படியே வலைப்பூவில் ஏற்றினேன். மாமிக்குக் கணினி பார்க்கத் தெரியாது என்ற துணிச்சலும் இருந்தது. அதுவரை எழுதியதில் அதிகம் பேர் வாசித்தது அதைத்தான். வெட்கங்கெட்டவள், எண்ணிக்கை ஏற ஏறப் பூரித்துப்போனேன்.

மூன்றாம் வாரம் வெளியிலிருந்து இயந்திரப் படகுகள் வந்தன. சின்னக்கண் வலை போட்டு, விரல்நகமளவு குஞ்சையும் விடாமல் முடக்கை அரித்துப் போனார்கள். நான் பதிவை அழித்தேன். அதற்குள் எத்தனையோ பேர் அதை எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள்.

தோணிக்காரர் வாடிக்கு வந்தார். சத்தம் போடவில்லை. யார் எழுதச் சொன்னது என்று மட்டும் கேட்டார். நான் குனிந்து பெட்டிகளை அடுக்கத் தொடங்கினேன். மாமி கயிற்றைக் கீழே வைத்தார்.

“நான்தான் சொன்னன். புள்ள எழுதினா, அவ்வளவுதான்.”

அன்றிலிருந்து அவர் மட்டுமல்ல, ஒருவருமே மாமிக்கு நண்டு கொடுக்கவில்லை. சில மாதத்தில் வாடித் தகரத்தைக் கழற்றி விற்றோம். மண்டூர்க் கோயில் திருவிழாவில் ஊர்ப் பெண்கள் மாமியைக் கண்டதும் விலகி நின்றதை நான் பார்த்தேன். என்னை ஏசியிருந்தாலாவது ஆறியிருக்கும்; அவர் ஒரு சொல் கேட்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று ஒருமுறை தொடங்கினேன். நான் சாகப்போகிறவள், நீ இந்த ஊரில் கலியாணம் கட்டி வாழவேண்டியவள் என்று வாயை அடைத்துவிட்டார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

இன்று வலைப்பூ எழுதுவதே என் பிழைப்பு. காத்தான்குடிப் புடவைக்கடை ஒன்றுக்கும் எழுதுகிறேன். கடைக்காரர் வேண்டாமென்ற ஒரு சொல்லையும் ஏற்றுவதில்லை. திருந்திவிட்டாள் என்று யாரும் நினைக்கவேண்டாம்.

போன மாரியில் மாமி செத்துப்போனார். செத்தவீட்டுக்குத் தோணிக்காரரும் வந்தார். இப்போது மேசன்மாருக்குக் கல் சுமக்கிறாராம். கையெல்லாம் சீமெந்து வெடிப்பு. என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார்.

“நீ மனசப் போட்டு வருத்தாத புள்ள. உன்னில பிழையில்ல. மாமி சொல்லித்தானே எழுதினாய்.”

உள்ளே மாமியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஓம் என்றேன்.