பெரட்டுக்கு வந்த ஒரே ஆள்

பிளோரன்ஸ் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. சுங்கை செம்பிலாங்கில் மீன் வாங்கினால், மீன்காரர் நிறுத்துக் கொடுத்ததைப் பக்கத்துக் காய்கறிக் கடைத் தராசில் இன்னொரு தடவை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவாள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் கூட, திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சாமியாருக்குத் தன் குரல் தெரிந்துவிடுமோ என்று தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு பேசுவாள். புஞ்சாக் ஆலாமிலிருந்து மகன் ஆன்ட்ரூ சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றால், சோறு சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் என்ன விஷயம் என்று கேட்பாள். பெற்ற பிள்ளையைக் கூடவா என்று கணவர் அந்தோனி அலுத்துக்கொள்வார். பெற்றதால்தான் கேட்கிறேன் என்பாள் அவள்.

காரணம் இல்லாமல் இல்லை. அவள் பிறந்தது ராசா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். தோட்டம் கைமாறியபோது, எல்லாருக்கும் வீடு உண்டு, கவலைப்படாதீர்கள் என்று தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி, வரிசை வீட்டு லயம் லயமாக வந்து சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் வந்தது வீடு இல்லை, சாமான் ஏற்ற ஒரு லோரி. அன்றைக்கு நெஞ்சில் விழுந்த கறை அப்புறம் போகவே இல்லை. சிரித்துப் பேசுகிறவன் எதையோ மறைக்கிறான் என்பது அவளுக்கு வேதவாக்கு.

கல்யாணமாகிக் கடலோரப் பக்கம் வந்தவளுக்கு நகராண்மைக் கழகத்தில் தெருக்கூட்டும் வேலை கிடைத்தது. பழைய கணக்கில் சேர்ந்தவள் என்பதால் பென்சன் உண்டு. அந்தப் பென்சன்தான் இப்போது அவள் வீட்டுக்கே மூச்சு. அந்தோனிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. ரத்தம் சுத்தம் செய்கிற செலவை அவள் வேலையைக் காட்டித்தான் அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது. அவள் ஓய்வு பெற்ற பிறகும் அது தொடர வேண்டுமானால் பென்சன் கையில் இருக்க வேண்டும். ஓய்வுக்கு இன்னும் ஒரு வருஷம் கூட இல்லை. இந்த நேரத்தில் பெயரில் ஒரு கீறல் விழுந்தாலும் போச்சு என்று தினமும் ஜெபமாலையோடு சேர்த்து அதையும் உருட்டுவாள்.

வேலையில் அவளைக் குறை சொல்ல ஆள் கிடையாது. காலையில் ஸ்டோர் வாசலில் எல்லாரையும் நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவார்கள். தோட்டத்திலிருந்து வந்தவர்கள் அதைப் பெரட்டு என்றுதான் சொல்வார்கள். பிளோரன்ஸ் ஒரு நாளும் பெரட்டுக்குப் பிந்தியதில்லை. சொல்லாமல் கால் மணி நேரம் கூட நகர்ந்ததில்லை. தாய் செத்த செய்தி வந்தபோது, நேராக, வேலையை மேற்பார்க்கிற மண்டோர் வீட்டுக்குப் போய் லீவு கேட்டுவிட்டு, அவர் சரி என்று தலையாட்டிய பிறகுதான் அழுதாள். அப்படிப்பட்ட பிறவி.

இந்த நிலைமையில்தான் மறியல் பேச்சு வந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பென்சனே கிடையாது. குப்பை அள்ளும் வேலையைக் கொந்தராக்காரரிடம் விடப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அலவன்ஸ் மட்டும் பழைய அலவன்ஸ், கோழியும் முட்டையும் என்னவோ பழைய விலையில் இல்லை. சங்கத்தின் கிளைச் செயலாளர் கணேஸ்வரன் குப்பை லோரி ஓட்டுகிறவன், நல்ல வாய்க்காரன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கழகத்துக் கட்டடத்தின் முன்னால் பதாகை பிடித்து நிற்போம், வேலை நேரத்தைத் தொடாத மறியலை யார் தடுக்க முடியும் என்றான். பிளோரன்ஸுக்குப் பென்சன் ஞாபகம் வந்தது. ஆனால் கூட வேலை செய்கிறவர்கள் வெயிலில் நிற்க, தான் மட்டும் தன் வேலையிடமான சந்தைக்குள் ஒளிந்துகொண்டிருக்கவும் மனசு வரவில்லை. நானும் வருகிறேன் தம்பி என்று சொல்லிவிட்டாள்.

அந்த மறியல் நடக்கவே இல்லை. அன்று பன்னிரண்டு மணி வாக்கில் ஏறக்குறைய எல்லா லோரிகளையும் திடீரென்று கடற்கரைக் குப்பைமேட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். பிளோரன்ஸ் உட்படத் தெருக்கூட்டுகிறவர்களை வேனில் ஏற்றி எங்கோ ஒரு குடியிருப்புத் தாமானில் இறக்கிவிட்டார்கள். கட்டடத்து முன்னால் கணேஸ்வரனும் இன்னும் மூன்று பேரும் பதாகையோடு அசடு வழிய நின்றார்கள். யாரோ முன்கூட்டியே வாயைத் திறந்திருக்கிறார்கள் என்பது பச்சைப் பிள்ளைக்குக் கூடப் புரியும்.

யார் அது? பிளோரன்ஸுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. ஒவ்வொருவராகப் பிடித்து மனசுக்குள் உரசிப் பார்த்தாள். கடைசியில் அவள் கண் போய் நின்றது புஷ்பா மேல். புஷ்பா அவளுடைய கூட்டாளி. பசார் தெருவில் இவள் கூட்டிக் குவித்தால் அவள் அள்ளுவாள், அவள் கூட்டினால் இவள் அள்ளுவாள். புஷ்பாவின் மகள் கங்காவுக்கு, மறியல் கெட்ட அதே வாரத்தில், கழகத்து முகப்புக் கவுண்டரில் தற்காலிக வேலை கிடைத்தது. போதாக்குறைக்கு, மண்டோர் சிவானந்தம் எதையாவது சொன்னால் புஷ்பா வாய் விட்டுச் சிரிப்பாள். வேறு என்ன வேண்டும்?

பிளோரன்ஸ் யாரிடமும் புஷ்பாதான் என்று சொல்லவில்லை. சாமி சாட்சியாகச் சொல்லவில்லை. கங்காவுக்கு எப்படிடி அவ்வளவு சீக்கிரம் வேலை கிடைத்தது என்று கேட்டாள், அவ்வளவுதான். நான் ஒன்றும் சொல்லவில்லை, கேட்கத்தான் செய்கிறேன் என்று கூடவே ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். தேத்தண்ணிக் கடையில் கேட்டாள், லோரிப் பக்கம் கேட்டாள், பூசைக்குப் போன இடத்தில் கேட்டாள். அந்தக் கேள்வி ஊர் சுற்றிவிட்டு வந்தபோது பதிலாகவே மாறியிருந்தது. சங்கத்து வாட்சாப் குழுவிலிருந்து புஷ்பாவைத் தூக்கினார்கள். தேத்தண்ணி நேரத்தில் அவள் உட்கார்ந்த மேசையில் வேறு யாரும் உட்காரவில்லை. புஷ்பா யாரிடமும் நியாயம் கேட்கவில்லை. கூட்டினாள், அள்ளினாள், வீட்டுக்குப் போனாள். குற்றம் உள்ள நெஞ்சு எப்படிப் பேசும் என்று பிளோரன்ஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொய் சொல்வானேன், கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

இரண்டாவது தடவை சங்கம் உஷாராகிவிட்டது. இனி சாப்பாட்டு நேரத்து மறியல் கிடையாது, ஒரு நாள் முழு வேலை நிறுத்தம். நாள் வாய்ச்சொல்லாக மட்டும் போகும், கைப்பேசியில் ஒரு எழுத்து கூடாது. கணேஸ்வரன் சந்தைக்கே வந்து பிளோரன்ஸின் காதில் வியாழக்கிழமை என்று சொன்னான். புஷ்பாக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது என்றும் சொன்னான். பிளோரன்ஸ் வாயைத் தைத்துக்கொண்ட மாதிரி தலையாட்டினாள்.

வீட்டுக்குப் போனதும் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் முழுக்கச் சொல்லாமல் வேலைக்கு வராமல் இருந்தால் அது பெயரில் ஏறும். பென்சன் காகிதங்கள் நகர்கிற நேரம் இது. அந்தோனி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஊசி குத்திக் குத்தி அவர் கை முழுக்க முடிச்சு. அதையே பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு ஒரு வழி தோன்றியது. நிறுத்தத்துக்கும் போகலாம், பெயரும் கெடாது. மறுநாள் பெரட்டு முடிந்ததும் மண்டோர் சிவானந்தத்தின் மேசை முன்னால் போய் நின்றாள்.

"மண்டோரே, வர்ற வியாழக்கிழம எனக்கு ஒரு நாள் லீவு வேணும்."

சிவானந்தம் நிமிர்ந்து பார்த்தார். மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பிளோரன்ஸுக்குப் பிடிக்கவில்லை.

"வியாழனா? போன தடவ ஒரு மணிக்கு கொஞ்சம் விடுங்க, ஆபீஸ் முன்னால போகணும்னு கேட்டீங்க. இந்தத் தடவ முழு நாளா? நல்லதுலா பிளோரன்ஸ். அன்னைக்கு நீங்க வந்து கேக்கலன்னா நான் ஒண்ணும் தெரியாம ஒக்காந்திருப்பேன்."

ஆமாம், கேட்டாள். மறியலுக்கு முந்தின நாள், தன் சாப்பாட்டு நேரம் ஒத்துவராது என்று, நல்ல பிள்ளையாகப் போய் அனுமதி கேட்டாள். மறியலுக்கு என்று சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா? இத்தனை நாள் ஊரெல்லாம் தேடிய வாய் தன் முகத்திலேயே இருந்திருக்கிறது. எந்த ஊரில் உண்டு இது? முதலாளியை எதிர்த்து நிற்க முதலாளியிடமே லீவு கேட்கிற கூத்து! தோட்டத்தில் பிறந்து அரசாங்கத்தில் வேலை பார்த்த ஜென்மம்தான் இதைச் செய்யும். சொந்தக்காரர் கல்யாணம், ராசாவில், என்று என்னென்னவோ உளறிவிட்டு வெளியே வந்தாள். சிவானந்தம் அதற்கும் சிரித்தார்.

அவள் சும்மா இருந்திருக்கலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் வியாழக்கிழமையும் கெட்டுப்போயிருக்கும், பழியும் புஷ்பா தலையிலேயே நின்றிருக்கும். அந்த நினைப்பு வரத்தான் செய்தது. வந்ததும் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. சாயங்காலம் கணேஸ்வரனைத் தேடிப் போய், கடையில் நாலு பேர் முன்னிலையில், ஒன்று விடாமல் சொன்னாள். கணேஸ்வரன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை. கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டு, சொன்னதுக்கு நன்றிக்கா, தேதியை மாற்றிக்கொள்கிறோம் என்றான். எந்த நாளுக்கு என்று இவள் கேட்டாள். சொல்கிறோம் என்றான். மற்ற மூன்று பேரும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்து புஷ்பா வீட்டுக்குப் போனாள். புஷ்பா இரும்புக் கதவைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றே எல்லாவற்றையும் கேட்டாள். மன்னித்துக்கொள் என்று பிளோரன்ஸ் அழுதபோதும் அவள் முகம் அசையவில்லை.

"ஊரெல்லாம் என்னைப் பத்திக் கேட்டீங்களே அக்கா. பக்கத்துல நின்னு கூட்டுன என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

பிளோரன்ஸ் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரைக்கும் போனாள்.

அதன் பிறகு யாரும் அவளுக்கு நாள் சொல்லவில்லை. இரண்டு பேர் நின்று பேசுகிற இடத்துக்கு இவள் போனால், பேச்சு மழையைப் பற்றியதாக மாறிவிடும். புஷ்பாவை மறுபடி குழுவில் சேர்த்துவிட்டார்கள் என்பது தேத்தண்ணி மேசையைப் பார்த்தாலே தெரிந்தது. யார் கைப்பேசியை எடுத்தாலும் நிறுத்தம் நாளைக்குத்தானோ என்று இவளுக்கு மனசு அடித்துக்கொள்ளும். கேட்கவும் பயம். கேட்டால் எதற்குக் கேட்கிறாள் என்பார்கள். அந்தப் பார்வையை அவளே இத்தனை காலம் ஊருக்கெல்லாம் வைத்திருந்தவள், அதன் அளவு அவளுக்குத் தெரியாதா?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஸ்டோர் வாசலில் ஒரு பயலைக் காணோம். லோரிகள் வரிசையாகச் சும்மா நின்றன. சிவானந்தம் வழக்கம் போல நின்று பேர் கூப்பிட்டார். ஒவ்வொரு பேருக்கும் வாசல் பேசாமல் இருந்தது. பிளோரன்ஸ் என்றார். இருக்கேன் என்று அவள் சொன்ன குரல் அவளுக்கே அசிங்கமாகக் கேட்டது. நீங்கள் ஒருத்தராவது வந்தீர்களே, இதை மேலே சொல்லிவிடுகிறேன், பென்சன் நேரத்தில் உதவும் என்றார் சிவானந்தம். மனதாரத்தான் சொன்னார்.

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். அந்தோனியின் கை ஒரு கணம் கண்ணுக்குள் வந்தது. எங்கே போகிறீர்கள் என்று மண்டோர் கேட்டார். இப்படியே போனால் பெயர் மேலே போகும், அப்புறம் என்னைச் சொல்லாதீர்கள் என்று பின்னாலேயே சத்தம் கொடுத்தார். அவள் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. நடந்துகொண்டே இருந்தாள்.

கழகத்துக் கட்டடத்தின் முன்னால் எல்லாரும் நின்றார்கள். பென்சன் எங்கள் உரிமை என்று மலாயில் எழுதிய பதாகையின் ஒரு முனையைப் புஷ்பா பிடித்திருந்தாள். பிளோரன்ஸ் சீருடையோடு வருவதைப் பார்த்ததும் கோஷம் ஒவ்வொரு வாயாக நின்றது. அவள் வரிசையின் கடைசியில் போய் நின்றாள். பக்கத்தில் இருந்தவர் சற்றே தள்ளிக்கொண்டார். புஷ்பா பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். கணேஸ்வரன் மெதுவாக நடந்து வந்தான். கோபம் எதுவும் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டான்:

"ஒங்கள யாருக்கா அனுப்புனா?"